புருவத்தால் திட்டுகிறவர்

நுரையீரல் வார்டு வாசலில் நின்று, பார்வையாளர்களை மாஸ்க் போடச் சொல்வதுதான் அம்மாவின் வேலை. அதைச் சொல்லும்போது மட்டும் தன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார். தலைமை நர்ஸ் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நோயைத் தடுக்க நிக்கிறீங்களா, பரப்ப நிக்கிறீங்களா?"

"மாஸ்க்குக்குள்ள இருந்து திட்டினா ஒருத்தருக்கும் உறைக்க மாட்டேங்குது சிஸ்டர்."

"இன்னொரு தடவை இறக்கினா வேலை போயிடும்."

பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத நான் அம்மாவின் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். அன்று அம்மாவுக்காகப் பயந்தேனா, எனக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா கண்ணாடி முன் நின்று, புருவத்தாலேயே திட்டப் பழகினார். மறுநாள் அந்தப் புருவத்தைக் கண்டவர்கள் பதறிப்போய் மாஸ்க் மாட்டினார்கள். வேலை தப்பியது.

வீட்டில் அப்பாதான் பாவம். "நான் என்ன தப்பு பண்ணேன்னு வாயால சொல்லேன்டி!" என்று கெஞ்சுகிறார்.