சைவப் பூனையும் நேர்ந்துவிட்ட சேவலும்

கோழிக்குஞ்சை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் முதலில் தெரிவது அதன் சூடுதான். அப்புறம்தான், அந்தப் பஞ்சு உடம்புக்குள் இவ்வளவு வேகமாக அடித்துக்கொள்வது நெஞ்சு மட்டுமா, இல்லை முழுக் குஞ்சுமேதானா என்று சந்தேகம் வரும். என் ஒன்பதாவது வயதில், மாசி மாதம் தொடங்கி ஆடி மாதம் வரைக்கும், அப்படி ஒரு குஞ்சைக் கையிலும் மடியிலும் வைத்துக் காவல் காத்தவள் நான். காரிமங்கலம் சந்தைக்கு நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, இந்தக் காவலை என் கையில் கொடுத்தார்கள் என்றால், என் கெட்டிக்காரத்தனம் தெரிந்துதான் கொடுத்தார்கள்.

சீமெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் அலைந்த உலகச் சண்டைக்காலம் அது. நான்கு வயது நிறைந்த என் தம்பிக்குப் பெரியம்மை வார்த்துவிட்டது. உடம்பில் ஊசி குத்த இடமில்லாமல் முத்து போட்டு, கண் திறக்க முடியாமல், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். பக்கத்துத் தெருவில் அதே மாதம் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. அம்மா அழவில்லை, வாசலில் நின்று மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, ஆளோடு பேசுவதுபோலப் பேசினாள். "ஆத்தா, எம் புள்ளைய எனக்கு வுட்டுடு. ஆடிக்கு எங்கூட்டுல பொரிச்ச சேவலக் கொண்டாந்து உங்காலடியில வெக்கிறேன்."

"எங்கூட்டுல பொரிச்ச" என்றதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் குடும்பத்து வழக்கப்படி நேர்ந்துகொண்ட சேவலைச் சந்தையில் வாங்கிக்கொண்டு போய் நிறுத்தக் கூடாது. நம் வீட்டுப் பெட்டை அடைகாத்து, நம் வீட்டுக் கம்பைத் தின்று வளர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த வாக்குத் தவறினால் அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பது அம்மாவின் நம்பிக்கை. முந்தின மழைக்காலத்தில் கோழிச்சீக்கு வந்து ஊர்க்கோழி முக்கால்வாசி செத்துப்போய், எங்கள் வீட்டில் ஒரே ஒரு கிழட்டுப் பெட்டைதான் மிஞ்சியிருந்தது. அது அடுப்பு மூலையில் பதினோரு முட்டையோடு உட்கார்ந்திருந்தது. அம்மை இறங்கி, தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அவன் முதல் தடவையாக "கூழு" என்று கேட்ட அன்றைக்கு, பதினோரு முட்டையும் பொரிந்தன. அம்மா சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் கெம்பன் வந்தான்.

கெம்பன் என்பது பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை. செம்பட்டை நிறம், பூசணிக்காய்த் தலை, ஒரு காது கிழிசல். வளர்த்தவள் ருத்ரம்மா, கன்னடம் பேசுகிற குடும்பம், கவிச்சி என்ற பேச்சையே வாயால் எடுக்காதவர்கள். கன்னடத்தில் "கெம்பு" என்றால் சிவப்பாம். பிள்ளை குட்டி இல்லாத ருத்ரம்மா அந்தப் பூனையைப் பிள்ளையாகவே வைத்திருந்தாள். நெற்றியில் விபூதி பூசாமல் வெளியே அனுப்ப மாட்டாள். அந்த விபூதியோடுதான் அவன் எங்கள் கூரை மேலேறி, பின்பக்கமாக இறங்கி, ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனான்.

அம்மா நியாயம் கேட்கப் போனாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"ஏங்கக்கா, உங்க பூன எங்க குஞ்சத் தூக்கிட்டுப் போவுதுங்க."

"அய்யோ சிவனே! நம்ம கெம்பனா? மோர்சோத்தத் தவிர ஒண்ணு தொடாதும்மா அவன். திங்கக்கெழம அதுவும் இல்ல, ஒருபொழுது."

"மீசையில ஒட்டிட்டு இருக்கறது என்னங்க்கா?"

"பஞ்சு. எங்கூட்டுல தலகாணி கிழிஞ்சிருக்குது."

அம்மா திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் சாட்டைக்கு வார் முடைந்துகொண்டிருந்தார். "திங்கக்கெழம ஒருபொழுது இருக்குதா? அப்பப் பாரு, செவ்வாக்கெழமயானா ரெண்டா தூக்கும்" என்றார். அம்மா அன்றைக்கு அவருக்குக் களி போட்டபோது குழம்பு ஊற்றவில்லை.

கொடாப்பு என்று ஒரு பெரிய மூங்கில் கூடை உண்டு; அதைக் கவிழ்த்துக் குஞ்சுகளை உள்ளே விட்டு, மேலே அம்மிக்குழவியை ஏற்றினோம். கெம்பன் கூடைச் சந்துக்குள் கையை விட்டு, சட்டியில் மீன் துழாவுகிற மாதிரி துழாவி எடுத்தான். இதற்கு நடுவே பருந்து வேறு வட்டம் போட ஆரம்பித்ததால், எங்கள் பக்கத்தில் செய்கிற மாதிரி அம்மா சிவப்புச் சாயப்பொடியைக் கரைத்துக் குஞ்சுகளை முக்கி எடுத்தாள். செக்கச்செவேல் என்று இருந்தால் பருந்து தீயென்று பயந்து கிட்ட வராதாம். பருந்து வரவில்லை. ஆனால் மறுநாள் காலை கெம்பன் மதிலின்மேல் உட்கார்ந்திருந்தபோது, மூக்கு முதல் தாடை வரைக்கும் ரத்தச் சிவப்பாகச் சாயம் ஏறியிருந்தது. இதைவிடச் சாட்சி உண்டா? அம்மா தெருவையே கூட்டிவிட்டாள்.

ருத்ரம்மா வெளியே வந்தாள், பூனையைப் பார்த்தாள், கொஞ்சமும் அசரவில்லை. "வெத்தலப்பெட்டிய மூடாம வெச்சிட்டேன். திருட்டுப்பய, வெத்தல போட்டிருக்கான்" என்று சொல்லி, அவனைத் தூக்கி முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். தெரு சிரித்துக் கலைந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பதினொன்றில் மிஞ்சியது இரண்டு. அதில் ஒன்று பெட்டை. கொண்டை லேசாகத் தலைகாட்டிய அந்த ஒற்றைச் சேவல்குஞ்சுக்கும் வாலில் இரண்டு இறகு குறைந்திருந்தது. கெம்பன் வாய்வரைக்கும் போய், நான் விளக்குமாற்றோடு துரத்தியதால் திரும்பி வந்தது அது. அன்று மத்தியானம் தம்பிக்கு மறுபடியும் உடம்பு லேசாகச் சுட்டது. அம்மா அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டே அந்தக் குஞ்சைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பூனையைக் கொல்வதென்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாவத்தைக் கழுவ எந்தத் தண்ணீரும் போதாது என்பார்கள். அப்போது அரூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் தாய்மாமன் தம்பியைப் பார்க்க மாட்டு வண்டியில் வந்திருந்தார். அவர் திரும்பும் வழியில்தான் சிவன் கோயில் இருக்கும் தீர்த்தமலை. அம்மா யோசித்து யோசித்து ஒரு தர்மம் கண்டுபிடித்தாள். "புண்ணிய ஸ்தலத்துல கொண்டுபோய் வுட்டா பாவம் ஒட்டாதுண்ணா. வர்றவங்க போறவங்க கட்டுச்சோறு போடுவாங்க. சாமி பாத்துக்கும்."

பிடிக்கிற வேலை என்னுடையது. ருத்ரம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம், சாக்குக்குள் சுட்ட நெத்திலிக் கருவாட்டை வைத்து, வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். மோர்சோற்றைத் தவிர ஒன்றும் தொடாத அந்தப் பிராணி, அழைக்காமலே வந்து தலையை விட்டது. முடிச்சைப் போட்டதும் நான்தான். மாமன் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல முடிச்சு புள்ள" என்றார். திசை மறந்துபோக வேண்டுமென்று சாக்கை மூன்று தடவை இடமாகச் சுற்றி வண்டியில் போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ருத்ரம்மா இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்காமல் கிடந்தாள். தெருத்தெருவாகத் தேடக் கிளம்பியபோது, துணைக்கு வரச்சொல்லி எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். அம்மா போனாள். கிணற்றடி, கள்ளிவேலி, ஏரிக்கரை எல்லாம் ருத்ரம்மாவோடு அலைந்து, "கெம்பா! கெம்பா!" என்று அவளைவிட உரக்கக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, "தொண்ட கட்டிப்போச்சுடி" என்று என்னிடம் சுக்குத்தண்ணி கேட்டபோது, அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, என் முகத்தை அவளும் பார்க்கவில்லை.

சித்திரையில் ருத்ரம்மா, பூனை கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, புருஷனோடு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனாள். எங்கே? தீர்த்தமலைக்கு. எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே பக்திதானே அவளுக்கும் இருக்கும், அதை யாரும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் வண்டி திரும்பி வந்து எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. ருத்ரம்மா இறங்கினாள், அவள் இடுப்பில், கழுத்தில் பூமாலையோடு, பொங்கலும் புளிச்சோறும் தின்று இரண்டு சுற்று பெருத்துப்போன கெம்பன் இருந்தான். "மலப்படியில உக்காந்து எனக்காகக் காத்துட்டு இருந்தான்! நடந்தே போயிருக்கான் பாருங்க தீர்த்தமாட! மனுசங்களுக்கு வருமா இந்த புத்தி?"

"யாருக்குங்க்கா வரும்" என்றாள் அம்மா. ஆரத்தித் தட்டு எங்கள் வீட்டில்தான் நல்லதாக இருந்தது. அம்மா தன் கையாலேயே அந்தப் பூனைக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைக்க வேண்டியதாயிற்று. அப்பா மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டார். அங்கிருந்து இருமல் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்றிலிருந்து சேவலை நான் கீழே இறக்கவே இல்லை. களை பிடுங்கப் போனால் கூடவே வரும், பல் விளக்கினால் தோளில் உட்காரும். வெயில் உக்கிரத்தில் மறுபடி கோழிச்சீக்கு வந்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல், மத்தியானத்துக்கு மத்தியானம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். ஆரம்பத்தில் உதறிக்கொண்டிருந்தது, போகப்போகக் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடும். நான் செய்த தப்பு அதுதான்.

ஆடித் திருவிழாவில் பலிக்கு முன்னால் "துளுக்குக் கேட்பது" என்று ஒன்று உண்டு. பூசாரி மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தொட்டுத் தலையில் தெளிப்பார்; ஆடோ சேவலோ உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மனுக்குச் சம்மதம். உதறாவிட்டால் நேர்த்தியில் ஏதோ குற்றம் இருக்கிறது, ஏற்க மாட்டாள்.

பூசாரி தெளித்தார். என் சேவல் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி தெளித்தார். அது கழுத்தை நீட்டி வசதியாகக் காட்டியது. மூன்றாவதாகச் செம்போடு கவிழ்த்தார்; உட்கார்ந்தே விட்டது. காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி, அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"குத்தம் இருக்குது தாயி" என்றார் பூசாரி. கூட்டம் முணுமுணுத்தது. அம்மா தம்பியைப் பார்த்தாள். வடு ஆறாத முகத்தோடு அவன் அப்பா தோளில் பொரி தின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான், அம்மா தரையில் விழுந்துவிட்டாள்.

"எங்கூட்டுக் குத்தந்தானுங்க! பூனைய சாக்குல கட்டி தீர்த்தமலைக்கு அனுப்பிச்சது நாந்தானுங்க! ஆத்தா, என்ன எது வேணா பண்ணு, புள்ளைய ஒண்ணும் பண்ணாத!"

ரத்தம் விழுகிற இடத்துக்கு வராத ருத்ரம்மா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். திருவிழா நாய்களுக்குப் பயந்து பூனையை இடுப்பில் வைத்திருந்தாள். ஜனங்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ அவனா நடந்து போவலியா?" என்பது. அந்தக் குரலில் கோபமே இல்லை, அதனால் எனக்குத் தாங்கவில்லை. கோபம் அப்புறம்தான் வந்தது. "எங்கூட வந்து தேடுனியேடி! தொண்ட கிழியக் கூப்புட்டியேடி!" என்று கத்திக்கொண்டு, ஆசாரம் மறந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே பலிபீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

இடுப்பில் கெம்பனும் வந்தான். சேவல் கண்ணைத் திறந்தது.

முதலில் கழுத்து மயிர் குத்திட்டது. அப்புறம் கொண்டையிலிருந்து அந்தக் குறைவால் வரைக்கும், இப்படி ஒரு உதறலை ஊரே பார்த்திருக்காது. மஞ்சள் தண்ணீர் பூசாரி முகத்தில், பம்பைக்காரர் கண்ணில், அம்மா தலையில் எல்லாம் தெறித்தது. "ஆத்தா ஒத்துக்கிட்டா!" என்று ஒருவர் கூவ, பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா எழுந்து தம்பியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ருத்ரம்மா சேவலைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த கெம்பனைப் பார்த்தாள். பிறகு, முகம் மெல்லத் தெளிந்து, "பாத்தீங்களா? நம்ம கெம்பன் வந்து சொன்னப்புறந்தான் உங்க அம்மனே ஒத்துக்கிச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா, "ஆமாங்க்கா" என்றாள். இந்தத் தடவை மனசாரச் சொன்னாள்.

அன்று குழம்பு நான் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதும் அழுதுகொண்டேதான். அம்மா ஈரல் துண்டு இரண்டை இலையில் மடித்து மதில் வழியாக நீட்டி, தயங்கி நின்றாள். ருத்ரம்மா இலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. முகத்தை வேறுபக்கம் திருப்பியபடி கையை மட்டும் நீட்டினாள். "கோயில்ல குடுத்ததுன்னா கவிச்சி ஆவாது, பிரசாதம். பிரசாதத்த வேணாங்கக்கூடாது" என்று கெம்பனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ருத்ரம்மா குடும்பம் பிறகு ஓசூர்ப் பக்கம் போய்விட்டது. அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கோபுரம் நிற்கிறது. அந்தப் பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டதாம். என் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறவள், புத்தகத்தில் படம்தான் பார்த்திருக்கிறாள். போனவற்றில் நான் வருத்தப்படாதது அது ஒன்றுதான். தம்பிக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில், சின்னப் பிள்ளைகள் நான்கைந்து பேர் அவன் மடியில் ஏறி, கன்னத்துக் குழிகளில் விரலை வைத்து, "தாத்தா, இது என்ன பள்ளம் பள்ளமா?" என்று கேட்டார்கள். பந்தல் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அப்படிப்பட்ட முகம் இன்னொன்று இல்லை. அவன் கன்னத்தை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.