பக்கம் வாசிக்கப் படகு தள்ளிய கதை

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. வீட்டில் புத்தகத்தைப் பிரித்தால், இரண்டாவது வரியில் ஜன்னல் கம்பியில் தொங்குவாள். அது பழகிவிட்டது. பழகாதது, சாயங்கால டியூஷனுக்குப் புதிதாக வந்த மிஸ்ஸிடம் அவள் முழுப் பக்கம் வாசிக்கிறாள் என்ற செய்திதான். பெற்ற தகப்பனுக்கு இரண்டு வரி, பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு ஒரு பக்கமா? வயிறு எரிந்தது.

டியூஷன் நடக்கும் இடத்து ஜன்னலோரம் நின்று வேவு பார்த்தேன். மிஸ் முதலில் அவளைச் சுவரைத் தள்ளச் சொன்னார், முழு பலத்தோடு. பிறகு தவளைபோல் தாவச் சொன்னார். அப்புறம் மணல் நிரப்பிய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், தடுமாறாமல் வாசித்தாள்.

"உடம்புக்கு வேலை குடுத்தா மனசு ஒரு இடத்துல நிக்கும்ணா" என்றார் மிஸ், என்னைப் பார்த்துவிட்டு. பல்லைக் காட்டினேன்.

சுவர்தானே? என்னிடம் அதைவிடப் பெரிய சாமான் இருக்கிறது. மறுநாள் அவள் புத்தகத்தை மணலில் வைத்துவிட்டு, கரையில் ஏறி நின்ற என் ஃபைபர் படகின் பின்னால் அவளை நிறுத்தினேன்.

"தள்ளும்மா. உங்க மிஸ் சுவரெல்லாம் இதுக்கு முன்னால தூசி."

அவளுக்கு உற்சாகம் வரட்டுமே என்று நானும் தோள் கொடுத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. எங்கள் குப்பத்தில் ஒருவன் படகுக்குத் தோள் கொடுத்தால், பார்த்தவன் காரணம் கேட்க மாட்டான். ஓடிவந்து தானும் கொடுப்பான். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் ஓடி வந்தார்கள். "வோணாம்பா, வோணாம்!" என்று நான் கத்தியது அவர்கள் கூச்சலில் அமுங்கிப்போனது. படகு தண்ணீரில் மிதந்தது. எஞ்சின் வீட்டில் இருந்தது.

"இன்னாபா, கையால துழாவியே கடலுக்குப் போறியா?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

"இல்லண்ணா, பாப்பா படிக்கறதுக்கு..."

"படிக்கறதுக்குப் படகா? அப்ப பரீட்சைக்குக் கப்பலா?"

எல்லோருமாகத் திரும்ப இழுத்துக் கரையேற்றினோம். மகளும் கயிறு பிடித்து இழுத்தாள். பிறகு மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்து, ஈரக் கயிற்றை மடியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, தானாகவே புத்தகத்தைப் பிரித்தாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. வாசித்தது யாருக்கு? பக்கத்து வீட்டு அண்ணனுக்கு! அந்த ஆள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர்மேல் எரிந்தது. இடித்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தேன், எட்டிப் பார்த்தேன், காலை மாற்றினேன், தொண்டையைக் கனைத்தேன்.

அவள் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நைனா, நீ ஆடிக்கினே இருந்தா எனக்கு எப்டி படிக்க வரும்? அந்தாண்ட போய் குந்து."

படகுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். முழுப் பக்கமும் காதில் விழுந்தது. என்னிடம் வாசித்தாள் என்றுதான் வீட்டில் சொன்னேன்.