வெளியில் இருந்த அடுப்பு

விக்கிரவாண்டியில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டல் இருந்தது. அதன் பின்னாலேயே வீடு. திண்டிவனத்திலிருந்து ஒரு பழைய டிரம்மை வாங்கி வந்து, என் வீட்டுக்காரர் வாசலில் வைத்து அடுப்பாக மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு பாதியில் விறகுப் புகையில் மீன் வாட்டலாம். மறு பாதியில் கேஸ் தீயில் கோழி சுடலாம். கேஸ் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டதும் அவரேதான்.

"தீ கடைசி ஓட்டை வரைக்கும் ஒரே சீரா வரணும். இல்லன்னா மொத்தமும் வேஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பற்றவைத்துப் பார்ப்பதற்குள் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

எனக்கு அழுகை வரவில்லை. வாசலில் உட்கார்ந்து டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு விழுந்த வீடு என்பதால் ஓட்டல் அடுப்பும் அணைந்து கிடந்தது. மரக்காணத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, விஷயம் தெரியாமல் கூடையோடு வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"காலைலருந்து ஏதாச்சும் குடிச்சியாம்மா?"

"அடுப்பு பத்த வைக்கக் கூடாதுங்களே."

"வீட்டு அடுப்பத்தாம்மா கூடாது. இது வெளியிலதான கீது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கேஸைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார். நீலத் தீ முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டை வரை ஓடி, ஒரே சீராக நின்றது. அதன்மேல் வரக்காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

நான் எழுந்து வேகமாக உள்ளே போனேன். தீ சீராக வந்துவிட்டதென்று என் வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் போனேன். அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கை பட்டபோதுதான் நின்றேன்.

அவர் இறந்துவிட்டதாக அதற்குள் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது தெரிந்தது, அந்த அடுப்பு நன்றாக எரிந்த பிறகுதான்.