அக்காவைக் கூட்டிப்போன சுதந்திர தினம்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு பெப்ரவரி நான்காம் தேதி, கொழும்பில் நடந்தது இது. நடந்தது கொழும்பில் என்றாலும், அதற்கான பிழையை நான் செய்தது ஒரு மாதம் முன்னதாக, அப்புத்தளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் கலியாணமோ கதிர்காமப் பயணமோ, எதுவானாலும் திட்டம் போடுகிற வேலை என்னுடையது. எத்தனை மணிக்கு எழும்புவது, எந்த பஸ், சோற்றுப் பார்சலை யார் தூக்குவது என்பது வரை கொப்பியில் எழுதிவிடுவேன். எழுதியதை மாற்ற மாட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

என் அக்கா கொழுந்து பறிக்கிறவள். அவள் பதினைந்து வயதில் கூடையைத் தூக்கியதால்தான் நான் புத்தகப் பையைத் தூக்க முடிந்தது. அவள் வீட்டுக்காரர் சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகள், அப்போது இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறேன் என்பாள். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று போன் வரும். அக்கா அவளைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அந்த மார்கழியில் அக்காவுக்கு வயிற்று வலி அதிகமானது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் கட்டி இருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பெப்ரவரி பத்தாம் தேதி வந்து வார்டில் சேரச் சொன்னார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் டொக்டர் சொன்னார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மகளிடம் எதையும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னால அவ மொகத்த ஒருக்கா பாத்துட்டா போதும். கூட்டிட்டுப் போறியா?"

அன்றே கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். கலண்டரில் சுதந்திர தினம் கண்ணில் பட்டது. கொழுந்து மலைக்கு லீவு, பாடசாலைக்கு லீவு, நாட்டுக்கே லீவு. மூன்றாம் தேதி ஒரு நாள் நான் லீவு போட்டால் பகல் ரயிலில் போய்விடலாம். நான்காம் தேதி காலையில் காலிமுகத்திடலில் சுதந்திர தின ஊர்வலம், மத்தியானம் மகளோடு சாப்பாடு, கடற்கரை, சாயங்கால பஸ். ஐந்தாம் தேதி நான் வகுப்பில் இருப்பேன். இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அக்கா மகளுக்கு, என் பெறாமகளுக்கு, போன் செய்தேன். அவள் தயங்கினாள். நான்காம் தேதி அந்த வீட்டில் விருந்து, நிறையப் பேர் வருவார்கள், ஒரு நாள் தள்ளி ஐந்தாம் தேதி வந்தால் நல்லது, கேட்டு லீவு எடுத்துவிடுவேன் என்றாள். நான் விடவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு லீவு என்றால் லீவுதான். அன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், மலைக்கு யாரும் ஏற மாட்டார்கள், லயத்து வரிசை வீடுகளே வெயிலில் உட்கார்ந்து தலை வாரும். லீவு நாளில்தான் சிலருக்கு வேலை இரட்டிப்பாகும் என்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற என் மண்டைக்கு எட்டவில்லை. ஊருக்கெல்லாம் லீவு, உனக்கு மட்டும் இல்லாமல் போகுமா, கேட்கத் தெரியாமல் கேட்டிருப்பாய் என்று அவளையே அதட்டினேன். சரி சித்தி என்று வைத்துவிட்டாள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு பெப்ரவரியிலும் பிள்ளைகளுக்குக் கொடி வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்வலம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தவள் மாதிரி விளக்குவேன். ஆனால் டிவியில் பார்த்ததோடு சரி. ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு வெகு நாளாக இருந்தது. அக்காவிடம், மகளுக்கும் அன்றுதான் வசதி என்று சொன்னேன். ஐந்தாம் தேதிப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். என் திட்டத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் தேதி போய், கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால், பாதி வீதிகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அக்கா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறு கையில் மகளுக்குச் சுட்ட ரொட்டியும் சம்பலும், பண்டாரவளையில் வாங்கிய பேரிக்காயும் இருந்த பை. அதை என்னிடம் தர மாட்டேன் என்றாள். சனங்களை நிறுத்தியிருந்த இடத்தில், எனக்கு முன்னால் நின்ற ஆட்களின் தோள் இடுக்கு வழியாக ஏதோ கொஞ்சம் தெரிந்தது. வாத்தியம் கேட்டது, மேலே விமானங்கள் போயின. நான் சின்னப் பிள்ளை மாதிரி எட்டி எட்டிப் பார்த்தேன். அக்கா வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடற்பக்கம் நின்றாள். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரிதாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மணி என்ன என்று கேட்டாள். மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டாள்.

பத்தரைக்குப் பெறாமகளின் போன் வந்தது. வெளியே வரவே முடியாது சித்தி, இருபது பேருக்குச் சமையல் என்றாள். நாங்கள் அங்கே வருகிறோம் என்றேன். கொள்ளுப்பிட்டியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனாள்.

அந்த வீட்டு அம்மா கெட்டவர் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு கதிரை போடச் சொல்லி, பழச்சாறும் அனுப்பினார். விருந்து முடியும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். மகள் ஓடி வந்தாள். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா இப்புடி எளச்சுப் போயிட்ட?"

"பனிக்காலம்ல. வேற ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

மகள் என் பக்கம் திரும்பி, நான்தான் அன்றைக்கே சொன்னேனே சித்தி என்று ஆரம்பித்தாள். நான் அவசரமாகப் பையைப் பிடுங்கி அவள் கையில் திணித்து, ரொட்டி காய்ந்து போகும் முன் சாப்பிடு என்று பேச்சை வெட்டினேன். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பிறகு மூன்று மணி நேரம் அந்தக் கதிரையில் இருந்தோம். அவள் இன்னும் இரண்டு தடவை ஓடி வந்து ஓடிப் போனாள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்குமா, தெரியாது. மற்ற நேரமெல்லாம் அக்கா சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டால், அவள்தான் கழுவுகிறாள் என்பாள். விருந்தாளிகள் எழும்புகிற மாதிரித் தெரியவில்லை. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று நான்தான் அக்காவை எழுப்பினேன்.

பஸ்ஸில் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. மகளுடைய கை நன்றாக இருக்கிறது, கொழுந்து பறிக்கிற கை மாதிரி வெடிக்கவில்லை என்றாள். அதைப் பிடித்துப் பார்க்க மட்டும்தான் அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது.

ஒப்பரேஷன் நடந்தது. கட்டி எங்கெங்கோ பரவியிருந்தது. மூன்றாவது வாரம் அக்கா போய்விட்டாள். மகள் வந்து சேர்ந்தபோதே அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பெறாமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"அஞ்சாந் தேதி எனக்கு முழு நாளும் லீவு தந்தாங்க சித்தி. ரூம்ல சும்மாதான் படுத்துக் கெடந்தேன். அம்மாதான் பரேட் பாக்கணும்னு நாலாந் தேதியே வரணும்னாங்களா?"

"ஆமா" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவுக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது, எப்படியோ அதையாவது பார்த்துவிட்டுப் போனாளே என்றாள். சந்தோஷமாகப் பார்த்தாளா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன்.

இப்போது அவள் கலியாணமாகி மொனராகலையில் இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, இதெல்லாம் ஒங்க அம்மாயி நேர்ல பாத்தது என்று தன் பிள்ளைக்குக் காட்டுகிறாளாம். அவளே போனில் என்னிடம் சொல்கிறாள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கிற ஒன்றை எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது வெறும் சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

இந்தப் பத்திரிகையை அவளும் வாங்குகிறாள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மா அன்று வீதிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகளே. அவள் உன் முகத்தைப் பார்க்கத்தான் வந்தாள், ஊர்வலம் பார்க்க ஆசைப்பட்டது நான்.