நான் திருத்திய தேதி

கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் முதலில் பிழை தேடுகிறவள் நான். 'தங்கள் நல்வரவை' என்ற இடத்தில் 'ள்' போய் 'ல்' வந்திருந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்றுகூடப் பார்க்கமாட்டேன். கை சிவப்புப் பேனாவைத் தேடும். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு இது தொழில் வியாதி என்று வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். ஆனால் இந்த வியாதி வேலைக்குப் போவதற்கு முன்பே என்னைப் பிடித்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில், பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒருவனுடைய பிறந்த தேதியைத் திருத்தினேன். அதைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆளிடமும் பொய்தான் சொன்னேன்.

எங்களுடையது மலாயாவில், கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அந்த நாளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. தாய், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவாள். வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஆறு வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். பிறகு அவராகவே ஒரு மாதம், ஒரு தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். எனக்கும் அப்படி எழுதியதுதான். இன்றைக்கும் என் அடையாள அட்டையில் அந்தத் தேதிதான் இருக்கிறது.

ஒருவனுக்கு மட்டும் உண்மையான தேதி இருந்தது. எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்த அத்தையின் மகன் அவன். வயிற்றில் குறுக்கே கிடந்ததால் அத்தையைத் தோட்டத்து லாரியில் போட்டுச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே பிறந்ததால் அவனுக்குப் பிறப்புப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். சூராட் பெரானாக், முத்திரை எல்லாம் குத்தி. அத்தை அதைப் பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருந்தாள். ஒருநாள் அவன் அதைத் திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினான். நானும் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"ஏய் புள்ள, கை வைக்காத. ஒட்டுப்பால் கறை ஆயிரும்" என்றான். பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன் அம்மாவோடு, ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போகிறவள் நான். என் விரல் எல்லாம் கறுப்புத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டானா? "எனக்கு சூராட்டு இருக்கு. ஒனக்கெல்லாம் காதுதான் சூராட்டு" என்றான்.

அவன் என்னைவிட மூன்று வயது பெரியவன். படிப்பு வராமல் சீக்கிரமே நின்றுவிட்டான். ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதைத் தொட்டுக் காட்டுவான். விளையாட்டுத்தான். அவன் மனதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் என் மனதில்தான் இருந்தது.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடுவதற்கு முன் ஆபீஸ் காகிதங்களையெல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போனார். பெயர்ப் பதிவு, சம்பளப் பதிவு எல்லாம் சாம்பல். தோட்டத்தில் யாருக்கு என்ன வயது என்று சொல்லக்கூடிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது எங்கள் வாத்தியாரின் அலமாரியில் இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கத் தொடங்கியபோது பெரியவர்களை முகத்தைப் பார்த்தே எடுத்துவிட்டார்கள். இளவட்டங்கள் விஷயத்தில்தான் கிராணிக்குச் சந்தேகம். தோட்டத்து ஆபீஸ் கணக்கர் அவர். மேலே பதில் சொல்ல வேண்டியவர். ஒருநாள் காலையில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாத்தியார் காய்ச்சலில் பின்னால் தம் வீட்டில் கிடந்தார். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கிடைக்காத காலம். கிராணி அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"யாருக்கு இங்க எழுத்து நல்லா இருக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பையனுங்க பேரு, பொறந்த வருசம், ஜப்பான் கணக்குல எழுது. பதினாறு முடிஞ்சவனுக்குப் பக்கத்துல ஒரு கோடு போடு. மத்தியானத்துக்குள்ள ஆபீசுக்கு வரணும்."

ஆங்கில வருடத்தோடு அறுநூற்று அறுபதைக் கூட்டினால் ஜப்பான் வருடம். அதை மனக்கணக்காகப் போடுவதில் வகுப்பில் நான்தான் முதல். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பாதியில் ஒன்றைக் கவனித்தேன். ஐந்து பேருக்கு வருடம் இருந்த இடத்தில் காகிதம் பிளேடால் சுரண்டப்பட்டு, அதன் மேல் புதிதாக எழுதியிருந்தது. எழுத்து வாத்தியாருடையதுதான். ஐந்து பேரும் பெரிய பையன்கள். ஐந்து பேருக்கும் இப்போது பதினாலு, பதினைந்துதான் ஆகிறது.

அதில் அவனும் ஒருவன். அவன் தேதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். அத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கிறான். வாத்தியார் அவன் வயதில் இரண்டு வருடம் குறையும்படி எழுதியிருந்தார். நான் பேனாவை மையில் தொட்டு, சுரண்டிய வருடத்தை ஒரே கோட்டில் அடித்து, அதற்கு மேலே சரியான வருடத்தை அழகாக எழுதினேன். பட்டியலிலும் அப்படியே எழுதி, பக்கத்தில் கோடு போட்டேன். மற்ற நான்கு பேரும் காதைத் தொட்டுச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உண்மையான வருடம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவற்றையும் திருத்தியிருப்பேன்.

எதற்கான பட்டியல் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. வயதும் அதற்குத் தோதாக இருக்கிறது. பதிமூன்று என்றால் எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் சயாம் என்ற சொல் அப்போது லயத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. மூன்று மாத வேலை, திரும்பிவிடுவார்கள் என்று பேச்சு. மூன்று மாதம் அவன் முகத்தில் முழிக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். உனக்குத்தான் சூராட் இருக்கிறதே, அதைக் கொண்டு போ என்றும் நினைத்தேன். எழுதும்போது நான் சிரித்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஆள் கூட்டிப் பெயர் வாசிக்கும் பிரட்டுக் களத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மற்ற நான்கு பேரையும் கூப்பிடவில்லை. அத்தை களத்திலிருந்து நேராக வாத்தியார் வீட்டுக்கு ஓடினாள். அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியோடு நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வாத்தியார் போர்வையோடு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பேர்ப்பட்டியல் ஒங்க புஸ்தகத்தப் பாத்து எழுதுனதாமே வாத்தியாரே! எம்புள்ள பேரு எப்படி வந்துச்சு? மத்தவன் பேரெல்லாம் எங்க போச்சு?"

வாத்தியார் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார். கஞ்சிச் சட்டியைப் பிடித்திருந்த என் விரல்களில் இரண்டு நாளாகியும் போகாத மை இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. நான் வாய் திறப்பேன் என்று ஒரு கணம் காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் திறக்கவில்லை.

"என் புஸ்தகந்தாம்மா. பொறுப்பு என்னோடதுதான்" என்றார்.

அத்தை அவர் காலடியில் காறித் துப்பினாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த தன் ஆறு வயது மகளை அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "என் வீட்டுப் பேர இனிமே அந்த ஆளு எழுத வேணாம்" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பெண் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே இல்லை.

அவன் திரும்பி வரவில்லை. எங்கே போனான், எந்த முகாமில் முடிந்தான் என்று கடைசிவரை தெரியவில்லை. சண்டை முடிந்து வந்தவர்களில் ஒருவர், காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அத்தை சாகும்வரை வாத்தியார் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து, அவர் ஓய்வுபெற்றபோது, அலமாரிச் சாவியையும் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி என்னிடம் ஒப்படைத்தார். அந்தப் பதிவேடு வந்தபோது, "இது பத்திரம்மா" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

தோட்டம் விற்றுப்போய், பள்ளிக்கூடமும் இடம் மாறியபோது அதை நான் சிரம்பான் தெமியாங்கிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த ஒரு வார்த்தைதான் தடுத்தது.

பிறகு ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தோட்டத்துக் குடும்பங்களின் பழைய காகிதங்கள், பள்ளிக்கூடப் பதிவேடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்களாம். நல்ல பெண். பதிவேட்டைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினாள். புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், இங்க அடிச்சுத் திருத்தியிருக்கே. ஹேண்ட்ரைட்டிங் ரொம்ப அழகா இருக்கு லா. யார் எழுதினது?"

"வாத்தியார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அறுபது வருடம் தயாராக வைத்திருந்ததைப் போல வந்து விழுந்தது. அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்துச் சிரம்பானில் அந்தக் காகிதங்களையெல்லாம் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அத்தையின் மகளும் தன் அம்மாவின் பிஸ்கட் டின்னிலிருந்த சூராட்டைக் கொடுத்திருந்தாள். எழுபதை நெருங்குகிறாள், வாழ்நாளெல்லாம் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அண்ணனுடைய சூராட். அதன் பக்கத்திலேயே என் பதிவேடு, அந்தப் பக்கத்தில் விரித்தபடி. கீழே ஒரு அட்டை.

"என்ன எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

தோட்டத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். இவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாள். கேட்கப் பயந்தேன்.

அட்டையை வாசித்தேன். "மாணவரின் பிறந்த ஆண்டைப் பள்ளி ஆசிரியர் பிறப்புப் பத்திரத்தின்படி தம் கைப்படத் திருத்தியுள்ளார்." என் குரல் வகுப்பில் வாசிப்பது போல நன்றாகத்தான் இருந்தது.

அவள் கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். "எங்கம்மா சொன்னது நெசந்தானேக்கா. அந்த ஆளுதான். பாருங்க, எவ்ளோ அழகா எழுதியிருக்கான் பாவி" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அங்கே தனியாகப் போய், திருத்தியது யார் என்பதையும், பிளேடால் சுரண்டியது யார், எதற்காக என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காப்பகத்துப் பெண் என் கையெழுத்தைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அட்டையை மாற்றிவிட்டார்கள். இப்போது யார் போய்ப் பார்த்தாலும் உண்மைதான் எழுதியிருக்கும். வாத்தியார் பெயரில் பழி இல்லை.

அத்தையின் மகளோ வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். இதை எழுத எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணமும், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான். அன்றைக்கு நான் வாசித்துக் காட்டிய அட்டைதான் அவளுக்கு இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது.