ரோஸம்மா அத்தையின் மக்ரூன் டப்பா

லண்டனில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு வருடம் மட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்க வாய்ப்பு வந்தது. தூத்துக்குடியில் விடுமுறையைக் கழித்துவிட்டு அங்கிருந்தே கிளம்பினேன். பெட்டியைப் பூட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு ரோஸம்மா அத்தை முந்திரி மக்ரூன் டப்பாவோடு வந்து நின்றார்.

"ஏளா, எங்க ஜெரால்டும் அமெரிக்காவுலதான இருக்கான். அவன்கிட்ட குடுத்துரு."

ஜெரால்டு அண்ணன் இருந்த ஊர் என் பல்கலைக்கழகத்திலிருந்து அரை நாள் கார் பயணம். சொன்னால் யார் கேட்டார்கள்? என் புத்தகங்களை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அம்மா டப்பாவை உள்ளே திணித்தாள்.

மாதக்கணக்கில் அது என் அலமாரியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அண்ணனோ போனில் "வாரேன், வாரேன்" என்பதோடு சரி. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கிறிஸ்துமஸுக்கு விடுதியைப் பூட்டப் போவதாக அறிவித்தார்கள். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்ப, போக இடமில்லாத நான் அம்மாவிடம் போனில் அழுதேன்.

மறுநாள் வாசலில் ஜெரால்டு அண்ணன் நின்றார். கோபமாக டப்பாவை நீட்டினேன்.

"இதுக்குத்தான வந்தீங்க? எல்லாம் நொறுங்கிப் போச்சு."

"அத நீயே தின்னு. எனக்கு முந்திரி ஆகாது. தின்னா உடம்பெல்லாம் தடிச்சிரும்."

"அத்தைக்குத் தெரியாதா?"

"அம்மாவுக்குத் தெரியாம இருக்குமா? பெட்டிய எடு. உன் மதினி சோறாக்கிட்டுக் காத்திருக்கா."

காரில் ஏறிய பிறகுதான் புரிந்தது. அங்கே எனக்கென்று ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான் அத்தை அதைக் கொடுத்திருக்கிறார்.

இந்த வருடம் எதிர்வீட்டுப் பெண் அமெரிக்கா போகிறாள். அங்கிருக்கும் என் தோழிக்கென்று ஒரு டப்பா மக்ரூனை நீட்டினேன்.

"இடமில்லக்கா" என்று முறைத்தாள்.

முறைக்கட்டும். அவள் புத்தகங்களை எடுத்து வெளியே போட்டுவிட்டு, நானே டப்பாவை உள்ளே திணித்தேன்.