வந்த கல், இருக்கிற கல்

நிலவியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாறையைக் கண்டால் பக்கத்தில் நிற்கும் ஆளை மறந்துவிடுவோம். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

ஏற்காட்டுப் பக்கம் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்கா, போர் போட இடம் குறித்துத் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார். நாற்றங்காலில் காப்பி நாற்றுகள் வாடிக்கொண்டிருந்தன. ஒரு குழி பொய்த்தால் இன்னொன்று போட அவருக்கு வழியில்லை. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியும், படித்த ஆள்தான் வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாராம். மறுநாள் காலை திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி மலையேற இருந்தது.

தோட்டத்தின் நடுவில், பாதி மண்ணில் புதைந்து ஒரு கரும்பாறை. எங்கள் பாடத்தில் சார்னோகைட். ஏற்காட்டில் வெறும் கருங்கல். முனையை உடைத்தேன். உள்ளே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மின்னியது. விடுவேனா? லென்ஸோடு உட்கார்ந்துவிட்டேன். பிறகு வெடிப்புகளின் திசையை அளந்தேன். வெடிப்பு போகும் வழியில்தான் தண்ணீரும் போகும். அதே திசையில் கயிறு பிடித்து, கீழே ஒரு முளைக்குச்சி அடித்தேன்.

அக்கா மோர் கொண்டுவந்தார். ஊர்ப் பெயர்களைக் குறித்துவைப்பது என் வழக்கம் என்பதால், இந்தக் கல்லை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"இதுங்களா? இது வந்த கல்லுங்க. ரோடு அகலம் பண்றப்ப ஜேசிபி வெச்சு மேலிருந்து தள்ளி உட்டாங்க."

மோரைக் கீழே வைத்தேன். "மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா அக்கா?"

"நீங்க நொம்ப அக்கறையா அளந்துட்டு இருந்தீங்க. குறுக்க பேசுனா நல்லாருக்குங்களா? அதுல வேற ஏதோ சங்கதி இருக்குதுன்னு நெனச்சேனுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இடம் மாறிய பாறையில் திசை அளக்கக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். உருண்டு வந்த கல்லின் வெடிப்பு எந்தப் பக்கம் காட்டினால் என்ன?

"அப்போ இருக்கிற கல்லு எங்கீங்க?"

"ஓடைக்குள்ளங்க. வாங்க."

ஓடையில் பாறை அசையாமல் கிடந்தது. அதன் குறுக்கே வெள்ளைக் குவார்ட்ஸ் ஒரு வரியாக ஓடியது. அதன் இருபக்கமும் கல் நைந்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. கோடையிலும் அந்த இடம் காயாது என்றார் அக்கா. அளந்தேன். நான் முன்பு பிடித்த கயிற்றுக்கு நேர் குறுக்குத் திசை. அதை நீட்டித் தோட்டத்தில் வேறிடத்தில் இன்னொரு முளை அடித்தேன்.

மறுநாள் அந்த இரண்டாவது முளையில் துளைத்தபோது முதலில் செம்மண் வந்தது, பிறகு மஞ்சளாக மக்கிய கல், அதன்பின் சாம்பல் தூள். நெடுநேரம் தூள்தான்.

"வெறும் புகைதான் பறக்குது," என்றார் வீட்டுக்காரர்.

அக்கா குழியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் விழுந்த தூளை அள்ளி அள்ளிப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒருமுறை அது விரலில் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் தூள் சேறாகி, சேறு நீராகி, எல்லோரையும் நனைத்தது.

ஈரச் சேலையோடு அக்கா என் பழைய முளையருகே போய் நின்றார்.

"இங்க போட்டிருந்தா வந்திருக்குங்களா?"

"தெரியலீங்க அக்கா." உண்மையாகவே தெரியாது. இன்றுவரை அதை யோசிக்கிறேன்.

அவர் முளையைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, என் பையில் செருகினார்.

"வெச்சுக்குங்க சார். அடுத்த தோட்டத்துல கேட்டுட்டு அடிங்க."